வலியில்லாதவன் தாடை

பல் தேய்க்கப் போன என் மனைவி, பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குத் திரும்பி வந்தாள்.

"வாய் தொறக்க மாட்டேங்கு," என்றாள். மூடிய பல்லுக்கு இடையிலிருந்து வந்த சொல் என்பதால் எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்னது?"

"வாயி. தொறக்க மாட்டேங்குன்னு சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை. செம்பூரில் எங்கள் நான்காவது மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். டீ கொதித்துக்கொண்டிருந்தது. கேஸை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். வீக்கம் இல்லை, கோணல் இல்லை. எப்போதும் உள்ள முகம்தான். விரல் பட்டதும் பின்னால் போனாள். வலது காதுக்கு முன்னால் வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கமும் என்றாள். பிறகு நெற்றிப்பொட்டு என்றாள். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தேன். பத்து மணிவாக்கில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. அதற்குமேல் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன்பிறகு பல வாரங்களுக்கு.

அவள் கோவண்டியில் ஒரு பால்வாடியில் டீச்சர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். காலையிலிருந்து மதியம் வரை பாட்டு, கதை, அதட்டல் என்று வாய்க்கு ஓய்வே இல்லாத வேலை, எல்லாம் இந்தியில். திங்கட்கிழமை ஒரு பெண் குழந்தை அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர் கா மூஹ் சோட்டா ஹோ கயா" என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னதாம். டீச்சருடைய வாய் சின்னதாகிவிட்டது! வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்கப் போனவள், பாதிச் சிரிப்பில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவளை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். முழுதாக நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. காலையில் வலது பக்கம், மாலையில் இடது பக்கம், மறுநாள் காதுக்குள்ளே. சில நாள் சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டுச் சாப்பிட்டுவிடுவாள். சில நாள் சோற்றைக் குழைத்து ரசத்தில் கரைத்துக் குடிப்பாள். "வலிக்குதா இல்லையா, ஒண்ணு சொல்லேன்" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தெருமுனைப் பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்லில் கோளாறு எதுவும் இல்லை, தாடை மூட்டாக இருக்கலாம் என்று ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளுடன் போனேன்.

அங்கே முதலில் செய்த காரியம் அவள் வாயை அளந்தது. ஒரு சின்ன ஸ்கேலை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து, "இன்னும் திறங்க, இன்னும்" என்றார்கள். இருபத்தேழு மில்லிமீட்டர். மில்லிமீட்டர் எனக்குப் பழக்கமான சமாச்சாரம். மாட்டுங்காவில் ஒரு அச்சகத்தில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துப் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஹோட்டல் மெனு. சிவப்பும் மஞ்சளும் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் எழுத்து பேயடித்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மனுஷியின் வாயை ஸ்கேல் வைத்து அளப்பதை அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். குறைந்தது நாற்பது இருக்கணும் என்றார்கள். எங்கே தொட்டாலும் வலிக்கிறது என்று அவள் சொன்னதால், மூட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

அதற்காக எங்களிடம் வந்தவள் மேற்படிப்பு படிக்கும் ஒரு மாணவி. தாடை மூட்டை எம்.ஆர்.ஐ. படத்தில் அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வலி இருக்கிறவர்கள் சிலர், வலியே இல்லாதவர்கள் சிலர், இரண்டு கூட்டத்தையும் அளந்து ஒப்பிட வேண்டுமாம். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து தமிழில் ஆரம்பித்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், குடும்பம் பாலக்காட்டுப் பக்கம்.

"ஆன்ட்டி, உங்களுக்காகத் தமிழ் ஃபார்மே இருக்கு. இதப் படிச்சுட்டு ஒரு சைன் பண்ணிடுங்கோ. எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது. யார்கிட்டயோ குடுத்து டிரான்ஸ்லேட் பண்ணி வாங்கினது."

மனைவிக்கு முன்னால் அந்தக் காகிதத்தை நான் வாங்கிப் பார்த்தேன். தொழில் புத்தி. முதல் வரியிலேயே 'தாடை மூட்டு' என்று வர வேண்டிய இடத்தில் 'தடை முட்டு' என்று இருந்தது. மூன்றாவது வரியில் 'உங்கள் தடை முட்டைப் படம் எடுப்போம்.' நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண் என்னவோ ஏதோ என்று பதறினாள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இதுல ரெண்டு பேர் சைன் வேற பண்ணிட்டாளே! அங்கிள், ப்ளீஸ், முழுசையும் சரி பண்ணித் தருவேளா?"

அச்சகத்துக்கு எடுத்துப் போய் இரண்டு பக்கத்தையும் மறுபடி அடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கு நன்றி சொல்லும்போதுதான் கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்குத் தாடைல வலி ஏதாவது உண்டா? எப்பவாவது?"

"இல்லம்மா."

"வலியே இல்லாதவா கெடைக்கறதுதான் கஷ்டமா இருக்கு. எல்லாரும் பிஸி. ஆன்ட்டிக்கு எடுக்கற அன்னிக்கே உங்களுக்கும் எடுத்துடலாமா? இதுல எக்ஸ்ரே மாதிரி கதிர் கெடையாது, சத்தம் மட்டும்தான்."

மனைவி என்னைப் பார்த்தாள். "எடுத்துக்கிடுங்க. எனக்கும் துணையா இருக்கும்," என்றாள். கேள்வித்தாளில் 'வலி உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று குறி போட்டேன். வலியில்லாதவர்கள் கூட்டத்தில் அப்படித்தான் சேர்ந்தேன்.

ஸ்கேன் ஒரு புதன்கிழமை மத்தியானம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அவளுடைய மூக்குத்தித் திருகு பல வருஷமாகக் கழற்றாததால் இறுகிப்போயிருந்தது. அங்கிருந்த ஆயா சோப்புத் தண்ணீர் விட்டு, மராத்தியில் ஏதோ செல்லமாகத் திட்டிக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். மூக்குத்தி இல்லாத அவள் முகம் எனக்கு வேறு யாரோ போல இருந்தது.

படம் இரண்டு விதமாக எடுத்தார்கள். வாயை மூடியபடி ஒன்று, திறந்தபடி ஒன்று. திறந்த வாய் அசையாமல் இருக்கப் பற்களுக்கு நடுவில் ஐஸ் குச்சி போன்ற மரக்குச்சிகளை அடுக்கி வைப்பார்கள். எனக்குக் கட்டாக வைத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. இயந்திரம் ஆஃப்செட் மெஷின் மாதிரி தடதடவென்று அடித்தது. நான் பாதியில் தூங்கிக்கூடப் போனேன். அவளுக்கு அந்தக் கட்டிலிருந்து குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தும், மிச்சத்தை அவளால் தாங்க முடியவில்லை. வெளியே வந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் காது வரை வழிந்து காய்ந்திருந்தது.

"அசையக் கூடாதுன்னாவ. அதான் தொடைக்கல," என்றாள்.

அன்றைக்குத்தான் நான் அவளை முழுதாக நம்பினேன் என்று நினைக்கிறேன். படம் வந்துவிடும், எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து இரண்டு பேருக்கும் ரிப்போர்ட் வந்தது. வெளிநோயாளிப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் அவளுடையதைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மல். டென்ஷன் எடுத்துக்காதீங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மாணவி என்னைத் தனியாக அழைத்துப் போனாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அங்கிள், உங்களுக்கு நெஜம்மாவே வலி இல்லையா?"

"இல்லையே. ஏன்?"

ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். கீழ்த்தாடை எலும்பின் நுனி ஒரு உருண்டை. அது உட்காருகிற குழி மேலே, காதுக்கு முன்னால். இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு. உருண்டையைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், வட்டின் தடித்த பின்பக்கம் பன்னிரண்டு மணி இடத்தில் இருக்க வேண்டும். என் மனைவிக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு. எனக்கு வலது பக்கம் பத்து மணிக்கு நழுவியிருக்கிறதாம். போதாததற்கு உருண்டையும் உருண்டையாக இல்லை, மேலே தட்டையாகிப் போயிருக்கிறது.

"படத்துல பேரு இருக்காது அங்கிள், நம்பர் மட்டும்தான். யாருக்கு வலி, யாருக்கு இல்லைன்னு தெரியாமத்தான் நான் அளக்கணும். நான் உங்களைத்தான் பேஷண்ட்னு நெனச்சுண்டேன். ஆன்ட்டிய வாலண்டியர்னு. எங்க மேடமும் அப்படியேதான் எழுதினா."

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி என்று எனக்கே விளங்கவில்லை.

மாணவி சொன்னதை வழியில் மனைவியிடம் சொன்னேன். குர்லாவில் வண்டி மாற நின்றபோது அவள் கேட்டாள்.

"ஏங்க, மாத்திக் குடுத்துட்டாவளோ?"

"எத?"

"ரெண்டு ரிப்போர்ட்டயும்தான். எனக்குள்ளத ஒங்க நம்பர்ல போட்டுட்டாவளோ?"

அவள் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. தன் எலும்பு தட்டையாகியிருக்க வேண்டும், வட்டு நழுவியிருக்க வேண்டும் என்று ஒரு மனுஷி ஆசைப்படுகிறாள். எனக்கும் அதே ஆசைதான். அப்படியிருந்தால் அவள் வலிக்குக் காரணம் கிடைத்துவிடும், நானும் பழையபடி ஒன்றும் இல்லாதவனாக இருக்கலாம். செம்பூர் வழியாகப் போகும் பன்வேல் வண்டி ஒன்று வந்து நின்று போனது. நாங்கள் ஏறாமல் நின்றிருந்ததை அது போன பிறகுதான் கவனித்தோம்.

"மறுக்கா போய் கேப்போம்," என்றேன்.

அதற்குள் டோம்பிவிலியில் இருக்கும் என் தங்கைக்குச் செய்தி போய்விட்டது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். போனில் அழாத குறை.

"அண்ணே, வட்டு வெலகிட்டாமே! எலும்பு வேற தேஞ்சிருக்காமே!"

"எனக்கு வலியே இல்ல, புள்ள."

"இனிமே வரும்லா! கட்டியா ஒண்ணும் திங்காத. நான் சத்துமாவு அரைச்சு அனுப்புதேன். மதினிக்கு எப்டி?"

"அவளுக்கு நார்மல்னு வந்திருக்கு."

"நல்லதாப் போச்சு. பாவம், வீணா பயந்துட்டாவ."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி அடுப்புப் பக்கம் நின்று பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். மத்தின் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி ஆரம்பித்தது. சத்துமாவு டப்பா இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. மேலே 'அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது. அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தவள் என் மனைவி. நான் எதிரில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். கொஞ்ச நேரத்தில் வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் இரண்டு பேருமாகக் கல்லூரிக்குப் போனோம். ரிப்போர்ட் மாறியிருக்குமோ என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், மாணவி கோபப்படவில்லை. எங்களைக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போய் இரண்டு படங்களையும் திறந்தாள். எனக்கு இடது கீழ்க்கடைவாயில் ஒரு பல்லுக்கு உலோக உறை போட்டிருக்கிறது, கழற்ற முடியாததால் ஸ்கேனில் அதை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். தலையை முழுசாக எடுத்த முதல் படத்தில், அந்த இடத்தில் மை கொட்டிய மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. மனைவியின் படத்தில் அப்படி எதுவும் இல்லை.

"உறை உங்களுக்குத்தானே இருக்கு அங்கிள்? ஆன்ட்டி, உங்களுக்கு?"

மனைவி இல்லையென்று தலையை ஆட்டினாள். மாறவில்லை. நழுவின வட்டு என்னுடையதுதான். நான் விடவில்லை.

"அளந்தது தப்பா இருக்கலாமில்லையா?"

"இருக்கலாமே," என்றாள் சாதாரணமாக. "அதுக்குத்தான் நான் ஒரு தடவை, மேடம் ஒரு தடவை, தனித்தனியா அளக்கறோம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் அளப்போம்."

என் வலது மூட்டைப் பெரிதாக்கினாள். உருண்டையின் பின் விளிம்பில் மவுஸை ஒரு தட்டு, குழியின் சுவரில் ஒரு தட்டு. நடுவில் ஒரு கோடு விழுந்து பக்கத்தில் எண் வந்தது. ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர். அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். ஒன்று புள்ளி ஆறு. மவுஸை என்னிடம் கொடுத்து, "நீங்க வேணா பண்ணிப் பாருங்கோ" என்றாள். விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் கோடே இல்லை. பனியில் ரோட்டோரம் தேடுவது போல இருந்தது. குத்துமதிப்பாகத் தட்டினேன். இரண்டு புள்ளி ஒன்று. அச்சில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிடுவோம். இங்கே அவள் சிரித்துக்கொண்டே அழித்தாள்.

"நான் பாக்கட்டுமா?" என்றாள் என் மனைவி. அவளுடைய படத்தில், அவளுடைய மூட்டில். மவுஸை மெதுவாக நகர்த்தி இரண்டு இடத்தில் தட்டினாள். எண் வந்தது. மாணவி அளந்ததை ஒட்டியே வந்தது. இயல்பான எண். திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லதானா?" என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

மாணவி பதறிப்போய் தன் பேராசிரியரை, அந்த மேடத்தைக் கூப்பிட ஓடினாள்.

பேராசிரியர் மராத்திக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காதோரம் நரை. திரையைப் பார்க்கவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் மனைவிக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பற்களைக் கடிங்க," என்றார் இந்தியில். கன்னத்தில் புடைத்த இடத்தை விரலால் கண்டுபிடித்தார். "இப்ப விடுங்க." அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கி அப்படியே பிடித்தார். மற்றவர்கள் போலத் தொட்டுவிட்டு உடனே எடுக்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்காவது எண்ணுவதற்குள் மனைவி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே வலிக்குது?"

"நீங்க புடிச்சது கன்னத்துல. காதுக்குள்ள வலிக்கு. நெத்தியில வலிக்கு." இந்தியில்தான் சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள். மாணவி மொழிபெயர்த்தாள்.

"தினமும் வர்ற வலி இதேதானா?"

"இதேதான். இதேதான்!"

அழுதாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. வலிக்கும்போது ஒரு ஆள் இவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூட்டில் கோளாறு இல்லை, மெல்லுகிற தசையில்தான் என்றார் பேராசிரியர். தசை இறுகி வலிப்பது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாது, படம் நார்மல் என்றால் மூட்டு நார்மல் என்று மட்டும்தான் அர்த்தம், வலி பொய் என்று அர்த்தமில்லை. பகலில் பற்களைக் கடித்துக்கொண்டே இருக்கிறீர்களா என்று கேட்டார். மனைவிக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எதிரில் இருக்கும் முகம், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் படக் கூடாது என்றார் பேராசிரியர். வெந்நீர் ஒத்தடம், சில பயிற்சிகள், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு. எல்லாவற்றையும் மாணவி எழுதிக் கொடுத்தாள், ஆங்கில எழுத்தில் தமிழாக.

எழுந்து போகப் போனவரை நான் நிறுத்தினேன்.

"டாக்டர், எனக்கு ஏன் வலிக்கல?"

திரும்பி வந்து என் இரண்டு காதுக்கு முன்னாலும் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். வலது பக்கம் ஒரு 'டக்'. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"தெரியாது," என்றார். "நிறையப் பேருக்கு இப்படி இருக்கும், வலி இருக்காது. ஏன்னு சரியாத் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பொண்ணு அளந்துட்டு இருக்கா. வலிக்காத வரைக்கும் நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வலிக்காத வரைக்கும். அந்தச் சொல் என்னுடன் வீட்டுக்கு வந்துவிட்டது.

பேராசிரியர் சொன்னதையெல்லாம் மனைவி ஒழுங்காகச் செய்தாள். பால்வாடிக் கரும்பலகையின் மூலையில் தனக்காக ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைத் தளர்த்த வேண்டும். ஒரு மாதத்தில் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். அடுத்த மாதம் முப்பத்தைந்து. நடுவில் ஒரு வாரம், காரணமே இல்லாமல், மறுபடி இரண்டு விரலுக்கு இறங்கியது. பிறகு ஏறியது. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டாள். "இன்னைக்கு வந்துட்டுப் போச்சு" என்பாள், விருந்தாளியைச் சொல்வது போல.

எனக்குத்தான் ஏதோ ஆரம்பித்தது. அச்சகத்தில் புரூஃப் படிக்கும்போது கை தானாக வலது காதுக்கு முன்னால் போய்விடும். திறந்து மூடினால் டக். மறுபடி டக். இத்தனை வருஷமாகக் காதில் விழாத சத்தம் இப்போது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒருநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகனின் ஊரையே விட்டுவிட்டேன். நல்லவேளை, அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன்னால் முதலாளி பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் வலது தாடையில் ஒரு கனம். வலியா என்று கேட்டால் வலி இல்லை. வலி இல்லையா என்று கேட்டால் அப்படியும் இல்லை. உள்ளே ஒரு உருண்டை தட்டையாகிப் போயிருக்கிறது என்று தெரியாமல் இருந்திருந்தால் இது இருந்திருக்குமா? தெரியவில்லை. முன்பே இருந்ததா, நான்தான் கவனிக்கவில்லையா? அதுவும் தெரியவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வலிக்கிறவள் அவள். எல்லாருடைய அக்கறையும் எனக்கு வந்து சேர்ந்தது போதாதா, வலியையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? ஆனால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏன் ஒத்தப் பக்கமாவே மெல்லுதிய?"

"சும்மாதான்."

"வலிக்கா?"

"தெரியல."

"தெரியலன்னா? வலிச்சா வலிக்கும், வலிக்கலன்னா வலிக்காது. ரெண்டுல ஒண்ணுதான இருக்கும்?"

நான் சோற்றைப் பிசைந்தேன். முதல் வாரத்தில் நான் அவளிடம் கேட்டது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் காட்டவில்லை. மோர் ஊற்றிக்கொடுத்து, "மெல்லமாச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு மாதம் கழித்து மாணவி எங்களை மறுபடி கூப்பிட்டாள். படம் இல்லை, கேள்வித்தாள் மட்டும். மனைவிக்கு அளந்தார்கள், முப்பத்தெட்டு. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னார்கள். "இன்னைக்கா, நேத்தா?" என்று கேட்டாள். இன்றைக்கு இரண்டு, நேற்று ஐந்து. இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

என் தாளில் முதல் கேள்வி தாடையில் வலி உண்டா என்பது. உண்டு என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாணவி வேறு ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், தமிழ் தப்பா இருக்கா?"

"இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் தெரியல. வலிக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

அவள் முகம் மாறியது. "எப்போலேர்ந்து?"

"நீ ரிப்போர்ட் குடுத்ததுலேர்ந்து."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்லியிருக்கப்படாதோ?" என்றாள் மெதுவாக. சொல்லாமலும் இருக்க முடியாதே என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியலைன்னு ஒரு கட்டம் இதில் இல்லையே என்று சொல்லிவிட்டு, மாணவி பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் சொன்னதை எங்களிடம் சொன்னாள். படம் எடுத்த அன்றைக்கு வலி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆராய்ச்சிக்கு அதுதான் கணக்கு. நான் வலியில்லாதவர்கள் கூட்டத்திலேயே இருப்பேன். இப்போதைய நிலையை ஓரத்தில் எழுதி வைத்தால் போதும். தொந்தரவு கூடினால் நேரில் வந்து காட்ட வேண்டும், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. ஓரத்தில் அவள் ஆங்கிலத்தில் என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது தாதரில் கொஞ்சம் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்தாள். பால்வாடி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு என்ன பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, யாருக்கு என்ன வேஷம் என்று சயான் வரை பேசிக்கொண்டே வந்தாள். இடையில் ஒரு தடவை கன்னத்தைத் தடவிக்கொண்டாள். வலியா, பழக்கமா என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. டக் என்றது. அவள் காதில் விழுந்ததா என்று பார்த்தேன். தக்காளிக்கு யார், வெங்காயத்துக்கு யார் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது வலித்ததா என்று யோசித்தேன். முடிவு செய்வதற்குள் நாங்கள் இறங்கும் ஸ்டாப், செம்பூர் நாக்கா, வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.